அறுநூற்றுப் பதினொரு பீப்

காலையிலிருந்து ஹாலை இருபது முறை சுற்றி வந்தும் மெஷின் நான்கே நான்கு தடவைதான் 'பீப்' என்றது.

பாலசுந்தரம் இடுப்பில் தொங்கிய சின்னப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். நான்கு நான்காகவே நின்றது.

"கனகு, இது ரிப்பேர்."

"நேத்துத்தானே கொடுத்தாங்க?" என்றாள் கனகேஸ்வரி சமையலறையிலிருந்து.

"நேத்துக் கொடுத்தா இன்னிக்கு ரிப்பேர் ஆகக் கூடாதா? எங்க டிபார்ட்மெண்ட் போட்ட ரோடெல்லாம்..." என்று ஆரம்பித்தவர், வாக்கியம் போகும் திசையைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அது 1992. மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு லேசான ஸ்ட்ரோக் வந்திருந்தது. கை சரியாகிவிட்டது. வாய்க்கு ஒன்றுமே ஆகவில்லை. அதில் குடும்பத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இடது கால் மட்டும் லேசாகப் பின்தங்கியது. அதற்காகப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தார்கள். 'முதுமையிலும் துடிப்பாக' என்று மூன்று மொழிகளில் சுவரில் எழுதி, கீழே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் டென்னிஸ் ஆடும் படம் போட்டிருந்த இடம் அது.

அங்கே பிசியோதெரபிஸ்ட் மிஸ் லிம், அவருடைய இடது கால் சப்பாத்துக்குள் ஒரு மெல்லிய தகட்டை வைத்து, அதிலிருந்து ஒரு வயரைக் கால் வழியாக ஏற்றி, இடுப்புப் பெட்டியில் சொருகினார். நடந்தால் பெட்டி கத்தும். கத்துவதை எண்ணி வைக்கும். ஸ்வீடன் சரக்கு. அது எப்படி வேலை செய்கிறது என்று மிஸ் லிம் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கியதும் பாலசுந்தரம் கையை உயர்த்தினார்.

"மிஸ் லிம், பொதுப்பணித் துறையில முப்பத்தோரு வருஷம். நான் பார்க்காத மீட்டரா?"

மிஸ் லிம் பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்தார். பாலசுந்தரம் வீட்டுக்கு வந்து அதன் முதல் பக்கத்திலேயே மூன்று இலக்கணப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தினார். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு நம்பர் இருக்கிறது. நம்பர் என்று இருந்தால் அது ஏற வேண்டும். இதற்கு மேல் ஓர் அரசாங்க ஊழியர் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

அந்த நம்பரை நம்பித்தான் அவருடைய வீடே இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மகன் விஜயன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"ஒரு மாசம் பார்ப்போம்பா. நல்லா நடக்கிறீங்கன்னு டாக்டர் லெட்டர் கொடுத்தா, நீங்களும் அம்மாவும் இங்கயே இருங்க. இல்லன்னா பூச்சோங் வந்துடணும். பின்னால ரூம் காலியாத்தான் இருக்கு."

அந்த ரூமைப் பாலசுந்தரம் பார்த்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு. பேப்பர் வாங்க பஸ் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தலைமைக் கிளார்க்காக இருந்தவர் என்று தெரிந்த ஒரு ஜீவன் அந்த வட்டாரத்தில் கிடையாது.

ஆக, நான்கு போதாது.

சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார், ஏறினார். மறுபடி இறங்கி ஏறினார். மூன்றாவது தடவை மூச்சு வாங்கியபோது, பீப். அடுத்த படியில் பீப். பிறகு படிக்குப் படி பீப்.

"ரிப்பேர் இல்ல கனகு!" வாசலிலிருந்தே கத்தினார். "பழைய கார் மாதிரி, இஞ்சின் சூடாகணும் லா!"

வாரக் கடைசியில் நூற்று எண்பத்தேழு. தலை நிமிர்ந்து மையத்துக்குப் போனார். பக்கத்து பெஞ்சில் கிரிகரி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, அதே ஸ்ட்ரோக், அதே பெட்டி. அவருடைய பெட்டியைப் பாலசுந்தரம் எட்டிப் பார்த்தார். இருநூற்று மூன்று.

பதினாறு கம்மி. அதுவும் கொடி காட்டிய ஆளிடம்.

"என்ன பிரதர், ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கிரிகரி பரிவோடு கேட்டார்.

"எனக்கா?" என்றார் பாலசுந்தரம்.

இரண்டாவது வாரம் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். எண் கடகடவென்று ஏறியது. உத்தியோக காலத்துக் கறுப்புத் தோல் சப்பாத்தை எடுத்து, தகட்டை அதற்குள் மாற்றிப் போட்டுக்கொண்டார். அது ஒரு சைஸ் சிறியது, காலைக் கடித்தது. ஆனால் கடிக்கக் கடிக்க மெஷின் கத்தியது. மத்தியானத் தூக்கத்தை விட்டார். தூக்கம் இல்லாத நாளில் சாயங்கால வசூல் இன்னும் அமோகமாக இருந்தது.

கீழ்வீட்டுப் பிலோமினா படியேறி வந்தாள். "ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்குள்ள லோரி ஏதும் ரிவர்ஸ் எடுக்குதா?"

வெள்ளிக்கிழமை கோயிலில் அவர் சப்பாத்தைக் கழற்றி, தகட்டைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு பிராகாரம் சுற்றியபோது, ஐயர் மந்திரத்தை நிறுத்தி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது சுற்றில் மந்திரமே பீப்புக்குத் தாளம் மாறிவிட்டது.

கனகேஸ்வரி வீடு திரும்பும்வரை பொறுத்திருந்தாள். "என்னங்க, போன மாசம் ஓரளவு நேரா நடந்தீங்க. இப்ப நண்டு மாதிரி பக்கவாட்டுல போறீங்க."

"தசை வேலை செய்யுது. வேலை செய்யறப்போ வெளியில அப்படித்தான் தெரியும்."

"உங்க டிபார்ட்மெண்ட்ல யாரும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லையே" என்றாள் அவள்.

அந்த வாரம் முந்நூற்று எண்பத்தெட்டு. காட்டிப் பெருமைப்பட ஆள் இல்லை, கிரிகரி வரவில்லை. அடுத்த வாரமும் அவர் பெஞ்ச் காலி.

"படுத்துட்டான் போலிருக்கு" என்று பாலசுந்தரம் உச்சுக் கொட்டினார். வென்றவருக்குரிய பெருந்தன்மையோடு, ஆறு ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கனகேஸ்வரியிடம் கொடுத்தனுப்பினார். அவள் பழத்தோடு திரும்பி வந்தாள்.

"வீட்ல இல்ல. பாசாருக்கு மீன் வாங்க நடந்து போயிருக்காராம்."

"பாவம். அக்கம்பக்கத்துக்கு மறைக்கிறாங்க."

மூன்றாவது வாரக் கணக்கு அறுநூற்றுப் பதினொன்று. பெட்டியைப் பார்த்த மிஸ் லிம்மின் முகம் மாறியது. நேரே போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மிஸ்டர் பாலசுந்தரம், பயிற்சியெல்லாம் ஒழுங்கா செய்றீங்களா?"

"சொன்னதுக்கு ரெண்டு மடங்கு டாக்டர்."

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு நம்பரை நான் பார்த்ததே இல்ல."

பாலசுந்தரம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வியாழக்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து ரெண்டு ஸ்பெஷலிஸ்ட் வராங்க. அவங்க உங்களை அவசியம் பார்க்கணும். வருவீங்களா?"

வருவாரா! அன்றே கோட்டு சலவைக்குப் போனது. விஜயனுக்கு போன் போனது. "லீவு போட்டுட்டு வா. உங்கப்பா யாருன்னு நேர்ல பாரு."

வியாழக்கிழமை அந்தக் கூடத்தில் இரண்டு வெள்ளைக்காரர்களும் நான்கு உள்ளூர் டாக்டர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு, டை, தோல் சப்பாத்து சகிதம் பாலசுந்தரம் பத்து மீட்டர் நடந்து காட்டினார். பதினேழு பீப். திரும்பி வரும்போது இருபத்தொன்று. வெள்ளைக்காரர் ஒருவர் தரையில் மண்டியிட்டு அவர் காலைப் பார்த்தார். இன்னொருவர் வீடியோ எடுத்தார். எல்லோரும் வேகவேகமாக எழுதினார்கள்.

பாலசுந்தரம் கேட்காமலே இரண்டு நிமிடம் பேசினார். ஒழுக்கம், விடாமுயற்சி, சோம்பலால் பின்தங்கிவிட்ட சில சகநோயாளிகள் ஆகியவற்றைத் தொட்டுச் சென்றார். கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் மட்டும் மரியாதைக்காகத் தட்டினார்.

டாக்டர் ஒட்டிய கவர் ஒன்றை விஜயனிடம் கொடுத்து, அவன் தோளில் கை வைத்து ஓரமாக அழைத்துப் போனார். விஜயனின் கண் கலங்கியிருந்தது.

'இருக்காதா பின்னே' என்று நினைத்துக்கொண்டு பாலசுந்தரம் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். அட்டெண்டன்ட் சாந்தமேரி குனிந்து அவருடைய சப்பாத்தைக் கழற்றினாள். ஐம்பது வயது, காலையிலிருந்து பதினெட்டுக் கால்களைப் பார்த்த அலுப்பு முகத்தில்.

"சாந்தமேரி" என்றார் பாலசுந்தரம், பூச்சோங் கோழிகளுக்கு மனத்துக்குள் டாட்டா காட்டியபடி. "என் அளவுக்கு இந்த மெஷினைக் கத்த வச்சவங்க வேற யாராவது உண்டா?"

"எங்க அங்கிள்!" என்று வயரைச் சுருட்டினாள் சாந்தமேரி. "ஒழுங்கா நடந்தா இது வாயே தொறக்காது லா, காலைத் தப்பா வச்சா மட்டும்தான் கத்தும்."