சாமியார் ருசி பார்த்த மீல் மேக்கர்

என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு ஒரு மனிதர், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடியிருக்கிறார். அவர் என் மாமனார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தவக்காலம். காரைக்காலுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து நாலு வருஷம். இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது அப்போது ஐந்தாம் மாதம். அந்த வருஷம் மாமா நாற்பது நாளும் மீன், கறி எதையும் தொடாமல் சுத்தபோசனம் என்று உட்கார்ந்துவிட்டார். மீனில்லாமல் அவர் சோறு பிசைவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. (தினமும் என் கத்தரிக்காய்க் குழம்பு வேறு. பாவம்.)

டவுன் கடையில் அப்போதுதான் மீல் மேக்கர் வந்திருந்தது. சோயா உருண்டை, ஊறவைத்தால் கறி மாதிரியே இருக்கும் என்றார் கடைக்காரர். விடுவேனா? பட்டை, கிராம்பு, சோம்பு, தேங்காய் என்று ஆட்டுக்கறிக்கு அரைப்பதை எல்லாம் அரைத்து ஊற்றினேன். மாமாவை அசத்த வேண்டுமென்று, இன்னதென்று சொல்லாமல் பரிமாறினேன். அன்று வெள்ளிக்கிழமை.

இரண்டு துண்டு உள்ளே போனது. மூன்றாவதைக் கடித்தவர், கையில் துப்பிப் பார்த்தார். நார் நாராக இருந்தது.

"என்னம்மா செலின் இது?"

"கறி இல்ல மாமா. சோயா. பயறு மாதிரி ஒண்ணு."

"பயறுல ஏதும்மா நாரு?" அவர் கண் கலங்கிவிட்டது. "இந்தப் புள்ளையாவது நல்லபடியா பொறக்கணும்னுல்ல நேந்துக்கிட்டு இருக்கேன்."

நேர்ச்சை என் பிள்ளைக்காக என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறி இல்லையென்று தெரிந்தும் பயமாக இருந்தது.

மாமா மீதிக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு மாதா கோயிலுக்குக் கிளம்பினார். காலிப் பாக்கெட்டோடு நான் பின்னால் போனேன்.

பங்குச் சாமியார் பாக்கெட்டை முன்னும் பின்னும் படித்தார். ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு வாயில் வைத்தார். இன்னொன்றும் எடுத்தார்.

"கறி இல்லைங்க. உங்க நேர்ச்சைக்கு ஒண்ணும் ஆகல."

"நெசமாங்களா சாமி?"

"நெசந்தாங்க." மூன்றாவதை எடுத்தபடியே என்னைப் பார்த்தார். "ஆனா இவ்வளவு ருசியா இருந்தா அது தபசு இல்லம்மா."

எதற்கும் இருக்கட்டுமென்று மாமா பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டே வந்தார். ஈஸ்டர் வரைக்கும் கத்தரிக்காய்தான்.

ஆடியில் மகள் பிறந்தாள். ஞானஸ்நான விருந்தில் மாமா ஆட்டுக்கறித் துண்டைப் பிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது கறிதானம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தின்றார்.

மாமா இப்போது இல்லை. நான் புதிதாக எதைச் சமைத்தாலும், தட்டைத் தொடுவதற்கு முன் ஒருத்தி கேட்கிறாள்: "அம்மா, சாமியார்கிட்ட காட்டியாச்சா?"

கேட்பவள் அந்த ஆடி மாதத்துக்காரிதான்.