சகலன் வீட்டுச் சோறு

நாடு விட்டுப் போகிறவன் தன் மானத்தை யார் பொறுப்பில் விட்டுப் போகிறோம் என்று கொஞ்சமாவது யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. நான் கட்டாரில் இருந்த காலமெல்லாம் அது என் மனைவியின் அக்கா புருஷன் நௌபர் காக்காவின் (எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்) கையில் இருந்திருக்கிறது.

மருதமுனைக் கடற்கரையில் வருடா வருடம் நடக்கும் கதைசொல்லும் விழாவில் ஒரு காலத்தில் நான் பெரிய புள்ளி (என்று நினைத்திருந்தேன்). பல வருடம் கழித்து ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பெயர் கொடுத்தேன். மகள் ஸஹ்ரா நான் கதை சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டீங்களா மகள்?" என்று கேட்டதைத்தான் கேட்டிருக்கிறாள். அவள் முன்னால் ஒருதடவை கைதட்டு வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

பாலைவனத்தில் ஒட்டகம் துரத்திய கதையோடு மேடை ஏறினேன். ஒட்டகம் எழும்புவதற்கு முன் சனம் எழும்பத் தொடங்கிவிட்டது.

"ஒட்டகத்த விடுங்க காக்கா! அந்த வீட்டுக் கதையச் சொல்லுங்க!"

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். என் மாமனார் பெண்மக்களுக்கு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தவர். ஒரே மேசன், ஒரே வாசல் கேற், ஒரே பச்சைப் பெயின்ட். புது மாப்பிள்ளையான நான் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, மூடி வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டேன். அது நௌபர் காக்காவின் சோறு. அடுப்படியில் நின்ற மச்சி, அதாவது என் மனைவியின் அக்கா, புருஷன்தான் வந்துவிட்டார் என்று பொரித்த மீனோடு வந்தபோதுதான் விஷயம் வெளியானது.

சரி, மானம் போனாலும் கைதட்டு வரட்டும் என்று நானே தொடங்கினேன்.

"சோத்தத் திண்டுட்டு, வெளிய ஓடி வந்தா..."

"பிழை! திண்டுட்டுப் படுத்தீங்க!" என்றது முன்வரிசை.

"நான் எங்க படுத்த?"

"ஓம், படுத்தீங்க! தலகாணியும் கேட்டீங்க!"

நௌபர் காக்கா வருடா வருடம் மேடையேறிக் கதையை நன்றாக வளர்த்திருக்கிறார். நான் அவருடைய சாரத்தையும் உடுத்துக்கொண்டு குறட்டை விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. கடைசி நம்பிக்கையாக மகளைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"வாப்பா, நீங்க தெரியாமச் சொல்றீங்க. பெரியவாப்பா சொல்றதுதான் சரி."

அன்றைய கைதட்டு முழுவதும் அவளுக்கு. எனக்கு வெட்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெருந்தன்மையாகக் கையசைத்த நௌபர் காக்கா மேல் அதைவிடப் பெரிய பொறாமை.

இப்போதெல்லாம் வீட்டில் நான் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், அது காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்த கதையென்றாலும், ஸஹ்ரா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"கொஞ்சம் பொறுங்க வாப்பா. பெரியவாப்பாட்டக் கேட்டுட்டு வாறன்."