வழிவிடாத உப்பு அம்பாரம்

என் கணவரை நான் ஒரு முறை உப்பில் தள்ளியிருக்கிறேன். சமையலறை உப்பு இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் குவித்து வைத்திருந்த உப்பளத்து உப்பு. வேண்டுமென்று செய்யவில்லை என்று பத்து வருஷமாகச் சொல்லி வருகிறேன், வீட்டில் ஒருத்தரும் நம்புவதில்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய எந்தப் பெண்ணுக்கும் ஒரு நாளாவது அப்படி ஓர் எண்ணம் வந்திருக்கும் என்பதால், நானும் ரொம்ப வற்புறுத்துவதில்லை.

அவர் பெயர் சேவியர். தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வந்து நிறுத்தும் டக் படகில் சுக்காணியாக இருந்தார். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. படகின் மாஸ்டர் உத்தரவு சொல்வார். சுக்கான் பிடிப்பவர் அதை அப்படியே வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு, பிறகுதான் கையால் செய்ய வேண்டும். ‘போர்ட்’ என்றால் இடது பக்கம், ‘ஸ்டார்போர்டு’ என்றால் வலது பக்கம், ‘ஸ்டெடி’ என்றால் போகிற போக்கிலேயே நேரே போ. சுக்காணி சொந்தமாக யோசிக்கக் கூடாது. அப்படி முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்ன மனுஷர், ரிட்டையரான மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு மாஸ்டர் ஆனார். வீட்டில் மிச்சமிருந்த ஒரே சுக்காணி நான். (பிள்ளைகள் இரண்டும் விவரமாக வெளியூர் போயிருந்தார்கள்.)

ரிட்டையரான இரண்டாம் வருஷத்தில் அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. கேட்டால், “லேசா பனி மாதிரி இருக்கு, வெயில் ஏறினா சரியாயிரும்” என்பார். தூத்துக்குடியில் பனி எங்கே இருக்கிறது? ஒரு நாள் எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியைப் பார்த்து, “வாங்க அண்ணாச்சி, எப்ப வந்தீய?” என்று விசாரித்தார். வேட்டி காற்றில் ஆடியது. அவரும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

இந்தச் செய்தி யார் மூலமாகவோ மெட்ராஸ் போய்ச் சேர்ந்தது. அங்கே பேங்க் ஆபீசராக இருந்த மகன் ஜெரால்டிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டு மெட்ராஸில் கண்ணைக் காட்டுவதாகவும், அம்மா கோயம்புத்தூரில் மகள் ஸ்டெல்லாவோடு இருந்தால் அவள் கைக்குழந்தைக்கும் ஆள் ஆச்சு என்றும், தூத்துக்குடி வீட்டைப் பூட்டிவிடலாம் என்றும் எழுதியிருந்தான். ஒரு சொல்கூடக் குறை சொல்ல முடியாத கடிதம். அதனாலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அம்மியையும் குழவியையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்கிற மாதிரி எங்களைப் பங்கு போட்டிருந்தார்கள். காலையில் பாதியில் விட்ட சண்டையைச் சாயங்காலம் தொடரலாம் என்ற தைரியத்தில்தான் எங்கள் குடித்தனமே ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெட்ராஸிலும் நான் கோயம்புத்தூரிலும் இருந்தால், நான் யாரோடு சண்டை போடுவது?

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவர் எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தார். பிறகு கேட்டார்: “ஏளா ரோஸ்லி, ஸ்டெல்லா விட்டுட்டுப் போன மொபெட்டு ஓடுமா?”

“ஓடும். யாரு ஓட்ட?”

“நீதான். நான் சொல்லித் தாரேன்.”

அப்போது எனக்கு வயது ஐம்பத்து நாலு. சைக்கிள்கூடத் தொட்டதில்லை. சொல்லித் தருகிறவரோ சக்கரம் வைத்த எதையும் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டேன். எங்கள் வீடு துறைமுகத்துக்குப் போகிற வழியில், உப்பளங்களை ஒட்டி இருந்தது. தினமும் விடிந்ததும் உப்பளத்துச் சாலையில் நான் முன்னால், அவர் பின்னால். உத்தரவு சொல்வார், நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புவேன். உப்பு வாரும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார்கள்.

படகுக்கு பிரேக் கிடையாது. அதனால் எனக்கும் அவர் பிரேக் சொல்லித் தரவில்லை. நிற்க வேண்டிய இடத்துக்கு நாலு வீடு முன்னாலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, மிதந்து போய் நிற்க வேண்டும். “பிரேக்கைப் பிடிக்கவன் சுக்காணியே இல்ல” என்பார். வீடு திரும்பியதும் மொபெட்டை முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு போட்டு முருங்கை மரத்தில் கட்டுவார். அது எங்கே மிதந்து போய்விடும் என்று நானும் கேட்டதில்லை. நாற்பது நாளில் நான் இந்த உலகத்திலேயே சிறந்த மொபெட் சுக்காணி என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

பிள்ளைகள் இருவரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள், ஸ்டெல்லா குழந்தையை இரண்டு நாளைக்கு மாமியாரிடம் விட்டுவிட்டு. முந்திரி மக்ரூனைத் தின்றுகொண்டே ஜெரால்டு பேச்சை எடுத்தான். நான் காத்திருந்த மாதிரி சொன்னேன்: “அப்பாவுக்குக் கண்ணு பாக்க மெட்ராஸ் எதுக்கு? மதுரையிலிருந்து பெரிய டாக்டர் மாசத்துக்கு ஒரு நாள் இங்கனயே வாரார். நாளைக்குத்தான் அந்த நாள். காலையில ஒன்பதரைக்குள்ள போயிரணும். நானே கூட்டிட்டுப் போவேன்.”

“எதுல?” என்றாள் ஸ்டெல்லா.

“உன் மொபெட்டுல.”

வாயில் இருந்த மக்ரூனோடு அவள் சிரித்த சிரிப்பில் மேசை முழுக்க முந்திரித் தூள். ஜெரால்டு சிரிக்கவில்லை. பேங்க் ஆபீசர் குரலில், “சரிம்மா. நாளைக்கு நீ அப்பாவ நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துட்டா, நான் இந்தப் பேச்சையே எடுக்கல. முடியலன்னா ரெண்டு டிக்கெட் எடுத்துருவேன். ஒண்ணு மெட்ராஸ், ஒண்ணு கோயம்புத்தூர்” என்றான். நாங்கள் ஒத்துக்கொண்டோம். அவர்கள் ஓர் ஆட்டோவில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு.

மறுநாள் காலையில் நான் கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பழைய துறைமுகத் தொப்பியையும் வைத்துக்கொண்டார். கயிறுகளை அவிழ்த்தோம். ஆட்டோவில் இருந்த பிள்ளைகள் அந்தக் கயிறுகளைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முதல் இரண்டு மைல் பிரமாதமாகப் போனது. ஆட்டோ எங்கள் பக்கத்திலேயே வந்தது. “ஸ்டெடி” என்பார். “ஸ்டெடி” என்பேன். ஆட்டோக்காரர் மரியாதையாக எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் அந்த வளைவு வந்தது. சாலை அங்கே வலது பக்கம் திரும்பும். லாரியில் ஏற்றுவதற்காக வளைவின் இடது ஓரத்தில் உப்பைக் குவித்திருந்தார்கள். அந்தக் குவியலுக்கு எங்கள் ஊரில் அம்பாரம் என்று பெயர். காலை வெயிலில் கண் கூசும் வெள்ளை.

“இடது பக்கம் ஒரு வெள்ளை லாரி வாரான்” என்றார் பின்னாலிருந்து.

நான் குரலைத் தாழ்த்தி, “லாரி இல்லங்க. உப்பு” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? லாரி. நமக்கு இடது பக்கம் வாரவன்தான் ஒதுங்கணும். நாம போற திசையையும் மாத்தக் கூடாது, வேகத்தையும் மாத்தக் கூடாது. ஸ்டெடி.”

கடலில் அதுதான் சட்டம். வலது பக்கம் கப்பல் வந்தால் நாம் ஒதுங்க வேண்டும், இடது பக்கம் வந்தால் அவன் ஒதுங்க வேண்டும். இதை நாற்பது நாளாக எனக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். என் கண் நன்றாகத்தான் இருந்தது. அது உப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து ஆட்டோவில் இரண்டு பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். இப்போது நான் உத்தரவை மீறித் திருப்பினால், அப்பாவுக்கு லாரிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. (வெட்கம்தான். என்ன செய்ய.)

“ஸ்டெடி” என்று உரக்கச் சொன்னேன்.

உப்பு வழிவிடவில்லை.

அடி ஒன்றும் படவில்லை. மொபெட் மெதுவாக உப்புக்குள் ஏறி, பாதி உயரம் போய், யோசித்து, நின்றது. நாங்கள் யோசிக்காமல் மேலே போனோம். மேலிருந்த உப்பு சரிந்து எங்கள் மேல் வந்தது. கண்ணைத் திறந்தபோது நான் இடுப்பளவு உப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு துறைமுகத் தொப்பி மட்டும் தெரிந்தது. அதைத் தூக்கினேன். கீழே அவர் இருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

“அவன் ஏம்ளா ஒதுங்கல?” என்றார்.

அதே நேரத்தில் சாலையில் ஓர் அலறல். எங்களையே பார்த்துக்கொண்டு வந்த ஆட்டோக்காரர் வளைவைப் பார்க்கவில்லை. ஆட்டோ எங்களைத் தாண்டிப் போய், முன் சக்கரத்தை உப்புப் பாத்திக்குள் இறக்கிவிட்டு நின்றது. பேங்க் ஆபீசர் முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் இறங்கி நின்றார். ஸ்டெல்லா செருப்பைத் தேடினாள். ஆட்டோக்காரர், “அண்ணாச்சி, தள்ளுனா வராது, லாரி வந்து இழுக்கணும்” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

உப்பு வாரும் பெண்கள் ஓடி வந்தார்கள். எங்களைத் தோண்டி எடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் என் முதுகில் உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே, “நாப்பது நாளா பாக்கோம்க்கா. இன்னைக்கு விழுவீய, நாளைக்கு விழுவீயன்னு காத்துக் கெடந்தோம்” என்றார். அவ்வளவு பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. மணி ஒன்பது. இந்த மாசம் போனால் டாக்டர் அடுத்த மாசம்தான். அதற்குள் இரண்டு டிக்கெட், இரண்டு ரயில்.

அப்போது அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். “ரோஸ்லி, அது உப்பா?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

“உப்புதான்.”

“நீ முதல்லயே சொன்ன.”

முப்பது வருஷத்தில் என் காதில் விழுந்த முதல் மன்னிப்பு அதுதான். அழுகை நின்றுவிட்டது. பெண்கள் மொபெட்டை இழுத்து ரோட்டில் நிறுத்தினார்கள். பெடலை மிதித்தேன். இருமியது, உப்பைத் துப்பியது, கிளம்பியது.

“ஏறுங்க” என்றேன்.

“ஏறுதேன்” என்றார். பழக்க தோஷம்.

“இறுக்கிப் பிடிச்சுக்கோங்க. வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“இறுக்கிப் பிடிக்கேன். வேற ஒரு வார்த்தை பேசல.”

பாத்திக்குள் நின்ற ஜெரால்டைப் பார்த்து, “நாங்க முன்னால போறோம். நீங்க மெதுவா வாங்க” என்று கையசைத்துவிட்டுப் போனேன். வாழ்நாளில் அந்தக் கையசைப்பைப் போல நான் எதையும் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை. என் கண்ணால் பார்த்து, என் புத்தியால் திருப்பி ஓட்டினேன். ரயில்வே கேட்டுக்கு முன்னால் இடது கைக்கு ஏதோ ஒரு கம்பி தட்டுப்பட்டது, அழுத்திப் பார்த்தேன். வண்டி நின்றது. அடடா, இதுதானா பிரேக் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர் வரைக்கும், தேவை இருந்ததோ இல்லையோ, அதை அழுத்திக்கொண்டே போனேன்.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். தலை முதல் கால் வரை வெள்ளை. நர்ஸம்மா எங்களைப் பார்த்து, “மாவு மில்லுல வேலையா?” என்றார். டாக்டர் பதறிப்போய், “கண்ணுக்குள்ள உப்பு விழுந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர். நான் முதல்லயே மூடிக்கிட்டேன். தொறந்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்றார் என் கணவர். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார். சுவரில் இருந்த எழுத்துகளைக் காட்டியபோதும், “எழுத்தா? அங்கன சுவர் இருக்கதே நீங்க சொல்லித்தான் தெரியும்” என்றார். அடுத்த மாசம் இங்கேயே ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார்.

பத்தே முக்காலுக்குப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். உப்பு லாரியின் மேலே, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருந்தார்கள். ஜெரால்டின் பேன்ட் முழங்கால் வரை காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. நாங்கள் மரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் சீட்டை நீட்டினேன். வாசித்தான். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“சரிம்மா” என்றான். அவ்வளவுதான். டிக்கெட் எடுத்தான், அவனுக்கு ஒன்றும் ஸ்டெல்லாவுக்கு ஒன்றும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அடுத்த வாரம் அதே சாலையில் போனோம். அதே வளைவில் அதே போல் ஓர் அம்பாரம். பின்னாலிருந்து அவர் என் தோளைத் தட்டி, “ரோஸ்லி, அது உப்பு” என்றார், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் போல. நான் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

இப்போது பேரப்பிள்ளைகள் வரை கதை போய்விட்டது. வீட்டில் யாராவது பிடிவாதமாக நின்றால், “ஸ்டெடி” என்று மற்றவர்கள் கத்துவார்கள். பேங்கில் மேலதிகாரியோடு மல்லுக்கு நிற்க ஜெரால்டு கிளம்பும்போதெல்லாம் அவன் மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அது லாரியா, உப்பா? பாத்துட்டுப் போங்க.”

என் கணவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கண் இரண்டும் தெளிவு. ஆனால் அந்தக் காலையில் தொற்றிக்கொண்ட வழக்கம் மட்டும் போகவில்லை. சாப்பிட வாங்க என்றால், “சாப்பிட வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாத்திரையைப் போடுங்க என்றால், “மாத்திரையைப் போடுதேன்.” போன கிறிஸ்மஸுக்கு வந்த ஸ்டெல்லா, “என்னப்பா, அம்மா சொல்லுததெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லுதீய?” என்று கேலி செய்தாள்.

அவர் சிரிக்கவில்லை. “மாஸ்டர் சொன்னாத் திருப்பிச் சொல்லணும்லா?” என்றார்.