மதாம் கிராஞ்சியேவின் நீல ஸ்கார்ஃப்

"கழுத்துல இருக்கறதைக் கழற்றிக் குடுங்க மதாம்."

பழைய பட்டு ஸ்கார்ஃப் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஒதீல் எச்சரித்திருந்தாள்: "எது வேணா பேசு. இதை மட்டும் எந்தக் கஸ்டமர்கிட்டயும் கேக்கவே கூடாது." கடைக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில், லியோன் நகரத்து மலைத்தெருவே வேடிக்கை பார்க்க, சொலேன் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் ரூவியேர் என்ற வக்கீல். இருபது நிமிஷத்துக்கு முன்புதான் அந்தப் பழைய நீல ஸ்கார்ஃபைச் சொலேனிடம் வாங்கினாள்.

"ஏன்? பில் போட்டது நீதானே?"

"நான்தான். ஆனா அது கடைச் சரக்கு இல்ல. இன்னொரு கஸ்டமரோடது. வேற ஒண்ணு போட்டுப் பாக்கறதுக்காகக் கழற்றினாங்க."

வருகிறவர்களின் சொந்த ஸ்கார்ஃபைக் கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள பித்தளைக் கொக்கியில் மாட்டுவது கடை வழக்கம். மதாம் கிராஞ்சியேவுடையதையும் சொலேன் அங்கேதான் மாட்டினாள். மாட்டியதாகத்தான் ஞாபகம். 'எதை எடுத்தாலும் ஒரே விலை' குவியலுக்குள் அது எப்படிப் போனதென்று தெரியவில்லை. இன்றோடு மூன்று மாதச் சோதனைக்காலம் முடிகிறது. நிரந்தர வேலைக்கான தாள் ஒதீலின் கையெழுத்துக்காகக் கல்லாவின் மேல் காத்துக் கிடந்தது.

"புதுசு வேணும்னா நான் வேற கடைக்குப் போயிருப்பேனே," என்றாள் வக்கீல். "இதை முகர்ந்து பாத்தியா? யாரோ ஒருத்தி சென்ட் போட்டுட்டு எங்கயோ கிளம்பிருக்கா. எங்க போனா, யாரைப் பாத்தான்னு இன்னிக்குப் பூரா யோசிக்கலாம். புது ஸ்கார்ஃபுக்குள்ள ஒரு ஆளும் இல்லையே."

சொலேனுக்குப் புரிந்தது. அதற்காகத்தான் அவள் பட்டுத்துணி வரலாறு படித்தாள், குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாக. ஆனால் புரிந்துகொண்டு நின்றால் வேலை மிஞ்சாது.

"கடை ஜன்னல்ல ஒரு பச்சை இருக்கு பாருங்க. அதுல ரெண்டு ஆள் இருப்பாங்க. மாத்திக்கலாமா?"

ஜன்னல் பச்சை விற்பனைக்கில்லை. அது ஒதீலின் உயிர். வக்கீல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்த வேகத்தில் நீல ஸ்கார்ஃபின் ஒரு முனை காப்பிக்குள் முங்கி எழுந்தது.

பழைய பட்டில் தண்ணீரே படக்கூடாது என்று சொலேன் அறுபது பக்கத்துக்கு ஆய்வுக்கட்டுரை எழுதியவள். எழுதிய அதே கையால் கழிவறைக் குழாயைத் திறந்தாள். காப்பிக் கறை போனது. நீலச் சாயம் வெள்ளைக் கரைக்கு இறங்கியது. எல்லாம் ஒரே நிறமாகிவிட்டால் தெரியாது என்று முழுவதையும் சோப்புப் போட்டு அலசினாள். கை உலர்த்தும் மெஷினுக்கு அடியில் பிடித்தாள். பாதியாகச் சுருங்கியது.

கடைக்கு வந்து ஜன்னல் பச்சையை எடுத்து வக்கீலிடம் கொடுத்தனுப்பினாள். உள்ளே மதாம் கிராஞ்சியே நின்றுகொண்டிருந்தாள். அவளோடு கடைக்கு வந்திருந்த கணவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். மதாம் ஸ்கார்ஃபை வாங்கினாள், பார்க்கவில்லை, மூக்கில் வைத்தாள்.

"எங்கம்மா வாசனை எங்க?"

"அது... கொஞ்சம் காப்பி பட்டுது மதாம்..."

"சோப்பு! எங்கம்மாவைச் சோப்பு போட்டுக் கழுவிட்டா!"

"ஒரு நிமிஷம் இருங்க." சொலேன் கல்லாவிலிருந்த ஒதீலின் சென்ட் புட்டியை எடுத்து இரண்டு தடவை பீய்ச்சினாள்.

மதாம் மறுபடி முகர்ந்தாள். "இது யாரு?"

கூச்சல் கேட்டு உள்ளறையிலிருந்து ஒதீல் வந்தாள். முதலில் வெறும் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம்தான் சொலேனை.

"கொக்கியில மாட்டினியா? அப்ப அதுவே நடந்து போயிடுச்சா?"

"மாட்டினேன் மதாம்."

"லாரிக்காரர் பொண்ணுக்குப் பட்டு எது, சாக்கு எதுன்னு தெரியுமான்னு அன்னிக்கே யோசிச்சேன். சரி, போகட்டும். 'கவனமில்லாம நான்தான் குவியல்ல போட்டேன்'னு மதாம்கிட்ட மன்னிப்புக் கேளு. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

சொலேன் அந்தத் தாளை எடுத்து நான்காக மடித்தாள்.

"கழுவினதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். ஜன்னல் பச்சைக்கும் கேக்கறேன். குவியல்ல போட்டது நான் இல்ல. எங்கப்பா லாரில இருபது வருஷமா ஒரு மூட்டைகூட இடம் மாறி இறங்கினதில்ல மதாம். அந்த வீட்டுப் பொண்ணு நான்."

தாளை ஒதீலின் உள்ளங்கையில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். காலையிலிருந்து வாயே திறக்காத முசியே கிராஞ்சியே எழுந்துவந்து அவளுக்காகக் கதவைத் திறந்துபிடித்தார். சொலேன் படியிறங்கினாள். அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்:

"நீ கொக்கியிலதாம்மா மாட்டின, எடுத்துக் குவியல்ல செருகினது நான். நாப்பத்தோரு வருஷமா எங்க கட்டில்ல நடுவுல படுத்திருந்தாங்க எங்க மாமியார். வித்துத் தொலைஞ்சா போதும்னுதான் நினைச்சேன், நீ துவைச்சே குடுத்துட்ட, நல்லா இரு!"