மூன்றாவது மாடிப் புறா

"எந்தப் பக்கம் நிக்கணும்ப்பா?" என்று வாண்டு கேட்டாள்.

சாலையின் இரண்டு பக்கமும் பஸ் நிறுத்தம் இருந்தது. இரண்டிலும் பஸ் நம்பர் இருபத்தேழு என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஊரில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க மற்றவர்களிடம், "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று கேட்பவர். இப்போது அவருக்கு இரண்டுமே தெளிவாக இல்லை.

"இந்தப் பக்கம்தான்," என்றார். காரணம், அங்கேதான் நிழல் இருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் மனைவி.

"ஒரு வருஷம் இருந்த ஊரும்மா இது. எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் சிக்கல்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது, இருவரும் முதன்முதலாகத் தனியாகப் பேசிய ஐந்து நிமிஷத்தில், "கடைக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று அவள் கேட்டாள். சும்மா இருந்தேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த நகரத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்லிவிட்டார். உண்மையில் இருந்தது ஒன்றரை நாள். லென்ஸ் தேய்க்கும் மிஷினுக்கான பயிற்சி. ரயிலடியிலிருந்து பயிற்சிக் கூடம், பயிற்சிக் கூடத்திலிருந்து ரயிலடி. விடாத மழை. இந்த நகரத்தில் அவர் நன்றாகப் பார்த்த ஒரே இடம் தன் குடையின் உட்பக்கம்.

அந்த ஒன்றரை நாள், பிறகு நன்றாக வளர்ந்துவிட்டது. வாண்டுவைத் தூங்கவைக்க ஒரு கதை தேவைப்பட்டது. மறுநாள் இன்னொன்று. கடிகாரக் கோபுரம் வழியாக அருங்காட்சியகம் போகும் இருபத்தேழாம் நம்பர் பஸ். அவர் ஓடி வருவதைப் பார்த்து, பஸ்ஸை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் கண்டக்டர். மூன்றாவது மாடி அறை. அதன் ஜன்னலுக்கு வந்து பிஸ்கட் மட்டும் தின்னும் நொண்டிப் புறா. வாண்டுவுக்கு எழுத வந்ததும் அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி, அட்டையில் 'அப்பா ஊர்' என்று பெயரும் வைத்தாள். மொத்தம் இருபத்து மூன்று கதைகள். இப்போது அவளுக்குப் பதினோரு வயது. மூன்று வருஷமாக, "எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்று நச்சரித்தாள். அவரும் கடையைச் சாக்குச் சொன்னார். கடைசியில் மனைவி நான்கு நாள் விடுப்பு எடுத்து, ரயிலுக்கும் பதிவு செய்துவிட்டாள்.

நோட்டில் ஒரு கதை பொய் என்று தெரிந்தால் இருபத்து மூன்றும் பொய்யாகிவிடும். அதன் பிறகு அவர் சொல்லும் எதை அவள் நம்புவாள்? ரயிலில் இரவு முழுக்க அவர் தூங்கவில்லை.

மனைவி பஸ் கண்டக்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "நாலு நாளும் நான் வெறும் பயணி. ஜன்னலோரம் உட்காருவேன், தூங்குவேன். வழி, டிக்கெட்னு யாரும் என்கிட்ட வரக் கூடாது." தன் போனையும் வாண்டுவிடம் கொடுத்துவிட்டாள். அதில் கண்டக்டர்கள் குரூப் ஒன்று ஓயாமல் மணியடிக்கும். புது டிக்கெட் மிஷின் வந்த வருஷம், பல ஊர்களிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. காலை வணக்கம், கால் வலி, சில்லறைத் தகராறு, மறுபடியும் காலை வணக்கம். "என்ன வந்தாலும் எனக்குச் சொல்லாத," என்று வாண்டுவுக்கு உத்தரவு.

பஸ் வந்தது. கூட்டம். ஏறியதும் மனைவி தன்னை மறந்து, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, பின்னாடி காலியாத்தானே இருக்கு?" என்றாள். பத்துப் பேர் மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் நன்றியோடு பார்த்தார்.

"பயணி," என்று கண்ணாடிக்காரர் நினைவூட்டினார்.

"வாய் தானா வருது," என்று அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குனிந்து வெளியே பார்த்தார்.

"கடிகாரக் கோபுரம் எப்பப்பா வரும்?"

"அடுத்தது."

ஆறு 'அடுத்தது' ஆனது. கட்டடங்கள் குட்டையாகின. பஸ் காலியானது. கடைசியில் ஒரு நீளமான சுவருக்குப் பக்கத்தில் நின்று, இன்ஜினும் அணைந்தது.

"இறங்குங்க, இதுக்கு மேல ரோடு இல்ல," என்றார் கண்டக்டர்.

இறங்கினார்கள். சுவருக்குப் பின்னால் பெரிய பெரிய வட்டத் தொட்டிகளில் தண்ணீர் மெதுவாகச் சுற்றியது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இதைக் காட்டத்தான் முதல்ல இங்க கூட்டிட்டு வந்தேன். ஊருக்கே குடிதண்ணி இங்கேருந்துதான் போகுது."

மற்றவர் கண்ணில் கால் பாயின்ட் பவர் குறையைக்கூடக் கண்டுபிடிப்பவர், தலைக்கு மேலிருந்த ஆளுயரப் பலகையைப் படிக்கவில்லை. வாண்டு படித்தாள். சத்தமாக.

"நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்."

காற்று இந்தப் பக்கம் திரும்பியது. மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதையாப்பா ஒரு வருஷம் குடிச்சீங்க?"

"சுத்திகரிச்சுத்தானே அனுப்புவாங்க..."

"நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்," என்று மனைவி அங்கிருந்த டிரைவர், கண்டக்டர் ஓய்வறைப் பக்கம் போய்விட்டாள். அவள் தோள் குலுங்கியது போலிருந்தது. இருமலாக இருக்கலாம்.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கில்லாத கண்ணாடி. துடைத்துக்கொண்டே இருந்தார். வாண்டு கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"ப்பா, அப்படியே நில்லுங்க. ஒரு போட்டோ."

"இங்கேயா?"

"சிரிங்கப்பா."

அவர் முயன்றார். அதன் பிறகு வாண்டு வெகுநேரம் போனில் குனிந்திருந்தாள். மேப் பார்ப்பதாகச் சொன்னாள். அரை மணி நேரம் கழித்து, தேநீர் வாசனையோடு மனைவி திரும்பி வந்தாள். உள்ளே யாருடனோ நன்றாகப் பேசியிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் முதல் அதிசயம். இளம் பெண் கண்டக்டர் ஒருத்தி டிக்கெட் கொடுக்க வந்தாள். அவரைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"சார்! நீங்களா! எவ்ளோ நாளாச்சு! எங்க சார் ஆளையே காணோம்?"

கண்ணாடிக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை.

"நானா?"

"நீங்கதான் சார். இதே இருபத்தேழுல தினமும் வருவீங்களே!"

அவளுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அவர் ஒன்றரை நாள் வந்துபோனபோது இவள் பாலர் பள்ளியில் இருந்திருப்பாள்.

"நல்லா... வளர்ந்துட்டம்மா," என்றார்.

அந்தப் பெண்ணுக்கும் கணக்கு இப்போதுதான் உறைத்தது போல. "அது... எங்கப்பா சொல்லியிருக்காரு சார்," என்று சொல்லிவிட்டு, முன்பக்கம் போய், அங்கேயே இருந்துகொண்டாள்.

"ப்பா, உங்களை எல்லாருக்கும் தெரியுது!" என்றாள் வாண்டு.

"ஏதோ... கொஞ்சம் பேருக்கு," என்றார் அவர் அடக்கமாக. நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் முறையாகக் குனிந்து பார்க்கவில்லை. அதனால் கடிகாரக் கோபுரம் தாண்டிப் போனதைக் கவனிக்கவில்லை. அருங்காட்சியகமும் தாண்டிப் போனது.

மத்திய பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். நேரம் குறித்துக்கொண்டிருந்த டைம் கீப்பர் தன் கூண்டிலிருந்து தலையை நீட்டினார்.

"வாங்க சார், வாங்க! மூணாவது மாடி சார்தானே? புறா எப்படி இருக்கு? அந்தக் கால் சரியாயிடுச்சா?"

கண்ணாடிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். பஸ்ஸில் பார்த்த ஞாபகம் யாருக்கு வேண்டுமானாலும் தவறாக வரலாம். புறாவை அவர் ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மின்வெட்டின்போது, தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு உண்டாக்கினார். வீட்டைத் தாண்டி அந்தப் புறா எங்கும் பறந்ததில்லை.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் பஸ் நேர அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வறை. தேநீர். அரை மணி நேரப் பேச்சு. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவளுக்குத் தெரியும்!

டைம் கீப்பருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "உங்க ரூம் இங்கதானே சார், பக்கத்துல?"

"பக்கத்துலயா? அப்ப பார்த்துட்டே போயிடலாமே," என்றாள் மனைவி, அட்டவணையிலிருந்து கண்ணெடுக்காமல்.

வேறு வழியில்லை. மரங்களுக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதி தெரிந்தது. "அதோ," என்றார். கிட்டே போனதும் மரம் விலகியது. அந்தக் கட்டடத்துக்கு மொத்தமே இரண்டு மாடிதான்.

வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள், "யாரு வேணும்?" என்றாள்.

"முன்னாடி... மூணாவது மாடியில குடியிருந்தேன்."

"இது ரெண்டு மாடிதாங்க."

"மொட்டை மாடியைச் சேர்த்தா மூணு."

"அங்க முப்பது வருஷமா தண்ணித் தொட்டிதானே இருக்கு?"

"தொட்டிக்குப் பக்கத்துல."

"மழை பெஞ்சா?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இருபத்து மூன்று கதை சொன்ன வாய்.

"குடை வச்சிருந்தாங்க," என்றாள் வாண்டு. "பதினாலாவது கதையில வருமேப்பா. பெரிய குடை. புறாவும் அதுக்குள்ளதான் நிக்கும்."

அப்படி ஒரு கதை சொன்ன ஞாபகம் அவருக்கு இல்லை. சொன்ன பொய்யே மறந்துபோகும் அளவுக்குச் சொல்லியிருக்கிறோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கார அம்மாள் மூவரையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்ப பஸ் நிலையத்தை நோக்கி நடந்தபோது, இருபத்தேழு கிளம்பிவிட்டது. மூவரும் ஓடினார்கள். பஸ் நின்றது. படியில் நரைத்த மீசையோடு ஒரு வயதான கண்டக்டர், "மெதுவா வாங்க சார், உங்களை விட்டுட்டா போயிடுவோம்?" என்றார்.

கதையில் வருவது போலவே. வாண்டு அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள்.

வெளியே கடிகாரக் கோபுரம் மெதுவாகக் கடந்து போனது. அவர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றார் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி. "நான் இந்த ஊர்ல ஒரு வருஷம் இருந்ததில்ல."

"தெரியும்."

"ஒன்றரை நாள்தான்."

"ஒன்றரை நாளா! நான் ஒரு நாள்னு நினைச்சேன்."

"எப்பலேருந்து தெரியும்?"

"நாம முதல்ல பேசினோமே, அன்னிக்கே. தினமும் கடிகாரக் கோபுரத்துல இறங்குவேன்னீங்க. பஸ்ல வரும்போது கோபுரம் எந்தப் பக்கம் வரும்னு கேட்டேன். உடனே குனிஞ்சு வெளியே பார்த்தீங்க. பதினெட்டு வருஷமா ஆளுங்களைப் பார்க்கிறேன். ஊர் தெரியாதவங்கதான் அப்படிக் குனிஞ்சு பார்ப்பாங்க. அதுலயும், நாம பேசின ரூம்ல ஜன்னலே இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அப்புறம் ஏன் கல்யாணத்துக்குச் சரின்னு சொன்ன?"

"என் முன்னாடி நல்ல பேரு வாங்கணும்னு அதுக்கு முன்னாடி யாரும் அவ்ளோ கஷ்டப்பட்டதில்ல," என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி.

அவர் மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். "ரொம்ப தேங்க்ஸ்ம்மா. அவ முன்னாடி என்னைக் காப்பாத்திட்ட."

"நான் என்ன பண்ணேன்?"

"டீ குடிக்கப் போன இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சியே. புறா வரைக்கும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "நானா? நான் அங்க அவங்க டியூட்டி நேரத்தைப் பத்தியில்ல பேசிட்டு வந்தேன். நீங்கதான் காலையில விடுதியில நாங்க குளிக்கிறப்போ வெளியே போய் ஆளுங்களைப் பிடிச்சு வச்சுட்டீங்கன்னு நினைச்சேன். பரவாயில்லையே, இவ்ளோ சாமர்த்தியம் வந்துடுச்சேன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மடியில் வாண்டுவின் மூச்சு சீராக வந்தது. அவள் கையில் போன் அப்படியே இருந்தது.

அப்போது வயதான கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி வந்தார். கண்ணாடிக்காரருக்கு ஒரு பெரிய வணக்கம் வைத்துவிட்டு, மனைவியின் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்:

"தங்கச்சி, குரூப்புல நீ கேட்டுக்கிட்டபடியே எல்லாரும் பண்ணிட்டோம், ஒண்ணுதான் புரியல, வீட்டுக்காரர் போட்டோவைப் போட்டுட்டு, அதுக்குக் கீழ எதுக்கும்மா 'பாவம் எங்க அப்பா'ன்னு எழுதியிருக்க?"