என் கண்காட்சிக்கு அக்கா வராமலிருக்க வேண்டி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமா என்று கேட்டதாக வைத்துக்கொள், நேரமில்லை. அடுத்த ஞாயிறு என் நாற்பது வருஷப் படங்களின் கண்காட்சி. அழைப்பிதழ் வந்திருக்கும். தயவுசெய்து வந்துவிடாதே.

ஏனென்றால் வாசலில் ஆறடி உயரப் படமாக அழுதுகொண்டு நிற்பது நீதான். வெள்ளம் வந்த வருஷம், மழை விட்ட ஒரு காலையில் மொட்டைமாடியில் சோப்பு விளம்பரத்துக்கு மாடல் வராமல் உன்னைப் பிடித்து உட்காரவைத்தேன், என் வீட்டுக்காரி வெளிச்சத்துக்கு வெள்ளைத்துணி பிடித்தாள், கண்ணில் நுரை போய் நீ கதறினாய், மிச்சச் சுருளில் மாலையில் வெள்ளத்தை எடுத்து அப்படியே பத்திரிகைக்குக் கொடுத்தேன், ஆசிரியரோ வெள்ளத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு உன்னைப் பொறுக்கி, ‘அனைத்தையும் இழந்த தாய், வயது நாற்பத்தைந்து’ என்று முதல் பக்கத்தில் போட்டார். உனக்கு அப்போது இருபத்தெட்டு. ஒரு மாதம் என்னோடு நீ பேசவில்லை. உண்மையைச் சொல்லியிருப்பேன், அதற்குள் விருது கொடுத்துவிட்டார்கள். முதல் பேட்டியில் முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்ததாகச் சொன்னேன், போன மாதப் பேட்டியில் கழுத்துவரை வந்துவிட்டது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

பிசைந்த உருளைக்கிழங்கை ஐஸ்கிரீம் என்று படம் பிடித்தவன்தான் நான். அது விளம்பரம், யாரும் கேட்கமாட்டார்கள். இது செய்திப்படம். கண்காட்சி நடத்தும் அம்மாள் அந்த நெகட்டிவையே கண்ணாடிப் பெட்டியில் வைக்கணுமாம். அதுல முந்தின படத்துல நீ சோப்பைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு சிரிக்கிறே. தொலைஞ்சுபோச்சுன்னேன். நானே வந்து தேடறேன்னு நிக்கிறாங்க. கொளுத்திடலாம்னு தீப்பெட்டி வரைக்கும் போயிட்டேன், மனசு வரல. இதுல நீயும் வந்து பக்கத்துல நின்னா வேற வினையே வேண்டாம். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோத்துல மறைச்சிடலாம், நம்ம வீட்டு மூக்கை எங்கே மறைக்கிறது?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களையும் அனுப்பாதே.

உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அந்த அம்மாள் போன் செய்தார். நெகட்டிவை என் வீட்டுக்காரி நேற்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாளாம். சோப்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், அதையும் மாட்டிவிடலாம் என்றார். ஒன்றுதான் கேட்டார்: “அவங்க அழற படத்துல, பேப்பர்ல வெட்டிட்ட ஓரத்துல, தண்ணிக் குவளையோட ஓடி வர்றது நீங்கதானே சார்? அப்போ கேமரா யார் கையில இருந்துச்சு?”

கண்ணில் நுரையோடு இருந்த உனக்கும் இது தெரியாது. நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், “சொல்லுங்க” என்றாள்.

சொல்லிவிட்டேன். படத்துக்குக் கீழே, எடுத்தவர் என்று, அவள் பெயரை எழுதுகிறார்கள். அவசியம் வா, அக்கா. எனக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.