தண்ணீர் தராத வீட்டிலிருந்து

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு, தங்கை கணவன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலை என்று நம்புகிறேன். தேவலையாகாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே படிக்கலாம்.

நீங்கள் எழுதிய அம்மன் கோவில் வரலாறு அச்சில் வந்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. அம்மன் சிறுமியாக வந்து, உச்சி வெயிலில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டாள், வீட்டுக்காரன் கதவைச் சாத்தினான், அவள் தெருக்கோடிக்குப் போய்க் கல்லாக நின்றாள், 'இந்த வீட்டுப் பெண் போன இடத்தில் நிலைக்க மாட்டாள்' என்று வாக்குச் சொன்னாள், எல்லாம் சரி. அந்த வீட்டுக்காரன் என் முப்பாட்டன் என்பதும் ஊரறிந்ததுதான். அதற்காக 'இன்றும் பச்சைக் கதவோடு நிற்கும் வீடு' என்று அடையாளம் வேறு சொல்ல வேண்டுமா, மச்சான்? கோவிலுக்கு வருகிறவர்கள் அம்மனைப் பார்த்த கையோடு என்னையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தேன், ஒருவரும் தொடவில்லை. கூரியர்காரரைப் பிடித்து உட்காரவைத்து இரண்டு சொம்பு குடிக்க வைத்தேன், அவர் இப்போதெல்லாம் பார்சலை மதிலுக்கு மேலே எறிகிறார். மீட்டர் பார்க்க வந்த பெண், "உங்க வீட்ல தண்ணி கேக்கவே பயமா இருக்கு சார்" என்கிறார். கதவுக்கு நீல பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். பெயிண்டர், "அந்தக் கதவா சார் இது?" என்று போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். மகளுக்கு வந்த மூன்று சம்பந்தமும் தட்டிப்போயிற்று. மூன்று வீட்டாரும் உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள். கடைசியாக வந்த வீட்டு அம்மாள், "தப்பா எடுத்துக்காதீங்க, அம்மன் வாக்கு பாருங்க" என்று போனை வைத்துவிட்டார். நிலைக்க மாட்டார்களாம்! என் அத்தைகளைப் போன இடத்திலிருந்து யாராலும் அசைக்க முடியவில்லை, மாமியார்கள்தான் கிளம்பிப் போனார்கள்.

எங்கள் வீட்டில் சொல்கிற கதையே வேறு. முப்பாட்டன் கதவைச் சாத்தவில்லை. தண்ணீர் இறைக்க ஓடினார், கயிறு அறுந்துவிட்டது. வேறு கயிறு தேடி இறைத்து வருவதற்குள் குழந்தையைக் காணோம். குடத்தோடு தெருக்கோடிவரை ஓடி, அந்தக் கல்லின் காலடியில் தண்ணீரை ஊற்றிவிட்டு அழுதார். சாகும்வரை அந்தக் கல்லுக்குத் தண்ணீர் சுமந்தார். அடுத்த பதிப்பில் இதைப் போடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், என் பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கட்டும்.

அம்மன் உங்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: தபாலில் போடச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அந்த மூணு வீட்டுக்கும் புத்தகம் அனுப்பினதே நான்தாம்பா" என்றாள். "படிப்பு முடியட்டும், இப்ப கல்யாணம் வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்? யாரு காதுல வாங்கினீங்க? அம்மன் சொன்னா மட்டும் எல்லாரும் கேக்கறாங்க." சமையலறையிலிருந்து உங்கள் தங்கை, "சரியாத்தானே சொல்றா" என்றாள். ஆகவே கதையில் ஓரெழுத்தையும் மாற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலாவது வீட்டார் வருகிறார்கள். ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், இந்தத் தடவை நானே கொடுத்துவிடுகிறேன்.